சொடுக்கினால் ஒலி

வலைப்பக்கத்தின் பொத்தானுக்கு ஒலி சேர்க்க ஐந்தாறு வரி நிரல் போதும். எந்தப் பொத்தானுக்கு, எந்த நொடியில், எத்தனை நீளத்துக்கு ஒலி வேண்டும் என்று முடிவு செய்யத்தான் நாள் பிடிக்கும். அந்த முடிவை எடுக்காமல் நிரலில் இறங்கியவர்களின் பக்கங்கள், எதைத் தொட்டாலும் டிங் டிங் என்று கத்திக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் வாக்குரிமை உள்ள எல்லோருக்கும் தெரிந்த பொத்தான் ஒலி ஒன்று இருக்கிறது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் நீளமான 'பீப்'. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக வைத்துப் பார்க்கப்பட்ட அந்த இயந்திரம், 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் வந்துவிட்டது. வாக்காளர் நீலப் பொத்தானை அழுத்துகிறார். பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 நொடி தெரிகிறது. பீப் ஒலி எழுவது மறைப்புக்குள் இருக்கும் பொத்தானிலிருந்து அல்ல, அலுவலரின் மேசைமேல் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து. வாக்கு பதிவாகிவிட்டது என்று அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் அது சொல்லிவிடுகிறது. அலுவலர் அடுத்தவருக்காகத் தம் பொத்தானை அழுத்தும்வரை, நீலப் பொத்தானை இன்னும் பத்து முறை அமுக்கினாலும் ஒலி வராது.

இன்னொன்று தேநீர்க் கடையில் கிடைக்கும். தியாகதுருகம் உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். அங்கு சாலையோரக் கடையில் டீ குடித்தவர் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, தொகையைப் போட்டு, ரகசிய எண்ணை அழுத்துகிறார். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் கை டீ ஆற்றிக்கொண்டிருக்கிறது. பணம் கணக்கில் ஏறியதும் பலகைமேல் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் தொகையைத் தமிழில் சொல்கிறது. வாடிக்கையாளர் அழுத்தியபோது அந்தப் பெட்டி வாய் திறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அழுத்தியது அவருடைய சமாச்சாரம். வந்து சேர்ந்ததுதான் கடையின் சமாச்சாரம்.

ஆக, சொடுக்கலைச் சுற்றி ஒலிக்கு இடம் கொடுக்கும் தருணங்கள் மூன்று: விரல் பட்டது, காரியம் முடிந்தது, காரியம் கெட்டது. மூன்றுக்கும் ஒரே ஒலியை வைப்பதும், முதலாவதற்கு மட்டும் வைத்துவிட்டு மற்ற இரண்டை மறப்பதும் பரவலான பிழைகள். 'அனுப்பு' என்ற பொத்தானைத் தட்டியவுடன் வெற்றி மணி அடித்து, அதற்குப் பின் இணைப்பு அறுந்து படிவம் போகாமலே நின்றால், பக்கம் பொய் சொல்லிவிட்டது என்றே அர்த்தம். ஒரே ஒரு ஒலிக்குத்தான் இடம் என்றால் அதை இரண்டாவது தருணத்துக்குத் தருவது நல்லது.

ஒலியைப் பிடித்தல்

ஆயத்த ஒலிகள் இணையத்தில் கொட்டிக்கிடக்கின்றன. ஃப்ரீசவுண்ட் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பவற்றுள், பெயர் குறிப்பிடாமல் பயன்படுத்தத் தக்கவை, பெயர் குறிப்பிட வேண்டியவை, வணிகத்துக்கு ஆகாதவை என்ற வேறுபாடு உண்டு. இறக்குமுன் உரிமத்தைப் படிக்க வேண்டும். சினிமாப் பாட்டிலிருந்து அரை நொடி வெட்டி எடுத்தால் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கை ஆபத்தானது. பக்கத்தின் பொருளோடு ஒட்டிய ஒலியை அந்த ஊரிலேயே பதிவு செய்துகொள்வதற்கு ஈடு எதுவும் இல்லை, செலவும் இல்லை.

மேலே சொன்ன தியாகதுருகம் அடங்கிய கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்கே உரிய ஒலி ஒன்று கைவசம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் சிற்பங்களைக் காட்டும் பக்கம் ஒன்றைக் கட்டுவதாக வைத்துக்கொண்டால், படத்தைப் பெரிதாக்கும் பொத்தானுக்கு உளியின்மேல் கொட்டாப்புளி விழும் ஒற்றை அடியைவிடப் பொருத்தமான ஒலி கிடையாது. இந்த அத்தியாயம் முழுக்க அதுவே மாதிரி.

பதிவுக்குக் கைபேசியே போதும். மரத்துண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மடித்த துண்டின்மேல் பேசியை வைக்க வேண்டும். வெறும் பலகைமேல் வைத்தால் அடியின் அதிர்வு பலகை வழியாக ஏறி 'தொம்' என்று பதிவாகும். நெடுஞ்சாலைப் பக்கத்துப் பட்டறையில் பகலில் பதிவு செய்தால் லாரியின் ஏர் ஹாரன் இல்லாத பத்து நொடி கிடைப்பது அரிது, விடியற்காலை உகந்தது. இரண்டு நொடி இடைவெளி விட்டு இருபது அடி அடிக்கச் சொல்ல வேண்டும். முதல் சில அடிகள் பதிவுக்காக அடித்தவையாகவே ஒலிக்கும். ஏழெட்டுக்குப் பிறகு கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். எடுக்க வேண்டியது அங்கிருந்துதான்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஓர் அடியைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் உடற்கூறு தெரியும். முதலில் செங்குத்தாக எழும் ஒரு கோடு. அது உளித்தலையில் கட்டை பட்ட கணம். அடுத்துச் சில மில்லிநொடிகளுக்கு மரத்தின் 'டக்'. அதன்பின் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, சிலாம்பு தரையில் விழும் சரசரப்பு. காதுக்கு அடையாளம் சொல்வது முதல் இரண்டும்தான். எனவே, கோடு எழுவதற்கு ஓரிரு மில்லிநொடி முன்னே தொடக்கத்தை வெட்டி, 80 மில்லிநொடியில் முடித்துவிடலாம். கடைசி 10 மில்லிநொடியை மெல்லத் தேய்ந்து மறையும்படி செய்ய வேண்டும். பட்டென்று வெட்டினால் முடிவில் தனியாக ஒரு சொடக்கு கேட்கும்.

தொடக்கத்து வெட்டை அவசரத்தில் செய்துவிடக் கூடாது. அங்கே 0.2 நொடி வெறுமை தங்கிவிட்டால், நிரல் எத்தனை வேகமாக ஓடினாலும் ஒலி விரலுக்குப் பின்தங்கியே வரும். செயலுக்கும் விளைவுக்கும் இடையே 0.1 நொடிக்குள் இருந்தால்தான் இரண்டும் ஒன்றாகத் தோன்றும் என்பது இடைமுக வடிவமைப்பில் நெடுநாளாக ஏற்கப்பட்ட அளவு.

கோப்பு வகையிலும் இதே கவலை உண்டு. எம்பி3 கோப்பின் தலைப்பகுதியில் குறுக்கும் மென்பொருள் தானாகவே சிறிது வெறுமையைச் சேர்க்கும். ஒலியின் அளவுப் புள்ளிகளான மாதிரிகள் ஆயிரத்துக்குச் சற்று மேல் என்று வைத்தால் அது 25 மில்லிநொடி. பாட்டில் அது பொருட்டல்ல. 80 மில்லிநொடி ஒலியில் அது கால் பங்குக்கும் மேல். ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 44,100 மாதிரி, மாதிரிக்கு 2 பைட் என்ற கணக்கில் 80 மில்லிநொடி வேவ் கோப்பு 7,056 பைட்தான். ஒரு சிறு படத்தின் அளவுகூட இல்லை. ஆகவே குறுகிய ஒலிக்கு வேவ், பேச்சுக்கும் நீண்ட ஒலிக்கும் எம்பி3 என்று பிரித்துக்கொள்வது வசதி. இரண்டையும் எல்லா உலாவிகளும் இசைக்கும். ஸ்டீரியோ எதற்கும் வேண்டாம்.

பொத்தான் பொத்தானாக இருக்கட்டும்

கட்டளைப் பெயர்கள் இனி உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் வரும். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

தட்டக்கூடிய ஒவ்வொன்றும் 'பட்டன்' குறியாக இருக்க வேண்டும். 'டிவ்' என்ற வெறும் பெட்டிக்கு வண்ணம் பூசிப் பொத்தான் வேடம் போட்டால் சுட்டிக்கும் விரலுக்கும் அது இசையும், விசைப்பலகைக்கு இசையாது. பட்டன் குறியிலோ எண்டர், ஸ்பேஸ் இரண்டும் தாமாகவே 'கிளிக்' நிகழ்வை எழுப்பும், அதனால் ஒலியும் வரும். 'டிசேபிள்டு' செய்யப்பட்ட பொத்தான் கிளிக் எழுப்பாது, ஒலியும் வராது. இதற்கென்று தனி நிரல் எழுதத் தேவையில்லை.

இருபது பொத்தான் இருந்தால், நிகழ்வுக்காகக் காத்திருந்து நிரலை ஓட்டும் 'செவி' இருபதை ஒட்டவைக்க வேண்டியதில்லை. பக்கத்தின் வேர்ப்பகுதியில் ஒரே ஒரு கிளிக் செவியை வைத்து, ஒலி வேண்டிய பொத்தான்களுக்கு மட்டும் 'டேட்டா-' என்று தொடங்கும் பண்பு ஒன்றில் ஒலியின் பெயரை எழுதிவிடலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பொத்தானுக்குள் சின்னப் படம் இருந்து விரல் படத்தின்மேல் பட்டால், நிகழ்வின் இலக்காகப் பதிவாவது பொத்தான் அல்ல, படம். படத்தில் அந்தப் பண்பு இல்லாததால் ஒலி வராமல் போகும். ஓரத்தில் தட்டினால் ஒலிக்கிறது, நடுவில் தட்டினால் ஒலிக்கவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இலக்கிலிருந்து 'குளோசஸ்ட்' மூலம் மேலேறிப் பொத்தானைத் தேடச் சொன்னால் சரியாகிவிடும்.

வேறு பக்கத்துக்கு அழைத்துச்செல்லும் இணைப்புகளுக்கு ஒலி தராமல் இருப்பதே மேல். பக்கம் மாறியதும் உலாவி பழைய பக்கத்தோடு ஒலியையும் நறுக்கிவிடும். ஒலி முடியட்டும் என்று பயணத்தைத் தாமதப்படுத்துவது வாசகரின் நேரத்தைத் திருடுவது.

முதல் வழி

எளிய வழி ஆடியோ பொருள். பக்கம் ஏறும்போதே கோப்பின் முகவரியைக் கொடுத்து 'நியூ ஆடியோ' என்று ஒரு பொருளை உருவாக்கி, அதன் 'ப்ரீலோட்' மதிப்பை 'ஆட்டோ' என வைக்க வேண்டும். செவிக்குள் இரண்டு வரி: 'கரண்ட்டைம்' மதிப்பைப் பூச்சியமாக்குவது, பிறகு 'பிளே'. முதல் வரியை விட்டுவிட்டால், ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் இரண்டாவது தட்டல் வீணாகிவிடும். ஏற்கெனவே ஓடுவதை ஓடு என்று சொன்னதாகவே உலாவி எடுத்துக்கொள்ளும்.

'பிளே' உடனே பதில் தருவதில்லை, ஒரு வாக்குறுதியைத் தருகிறது. உலாவி மறுத்தால் அந்த வாக்குறுதி முறியும். அதைக் 'கேட்ச்' மூலம் வாங்கி அமைதியாக விட்டுவிட வேண்டும். ஒலி வரவில்லை என்பதற்காகப் படம் பெரிதாகாமல் நிற்கக் கூடாது. ஒலி துணைக்கு வந்தது, வேலையைச் செய்ய வந்ததல்ல.

ஐபோனில் இந்தப் பொருளின் 'வால்யூம்' மதிப்பை நிரலால் மாற்ற முடியாது. எனவே ஒலியைத் தணிப்பதைக் கோப்பிலேயே செய்துவிட வேண்டும். உச்சத்தை முழு அளவுக்கு ஏற்றாமல் 6 டெசிபலாவது கீழே வைத்தால், காதில் இயர்போன் போட்டவர் திடுக்கிடமாட்டார்.

உலாவி ஏன் மறுக்கிறது என்பதற்குப் பின்னணி உண்டு. 1990-களின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 'பிஜிசவுண்ட்' என்ற குறி இருந்தது. அதன்பின் ஃபிளாஷ் என்ற செருகுநிரல் வந்தது. பக்கம் திறந்ததும் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பாட்டு கிளம்பும். பிரௌசிங் சென்டரில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். 2014-இல் எச்டிஎம்எல்5 தரமாக அறிவிக்கப்பட்டபோது ஆடியோ குறி அதில் இருந்தது. ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது. கேட்காமல் ஒலிக்கும் தொல்லைக்குக் கடிவாளம் 2018 ஏப்ரலில் வந்த குரோம் 66 போட்டது. அதன் பிறகு பயனர் பக்கத்தைத் தொடாதவரை ஒலிக்கு அனுமதி இல்லை என்பதே பொது விதி. சஃபாரி இதில் இன்னும் கண்டிப்பு.

எது தொடுதலாகக் கணக்கில் சேரும் என்பதிலும் நுணுக்கம் உண்டு. சுட்டியை அழுத்தினால் அந்தக் கணமே சேரும். திரையில் விரல் வைத்தால் சேராது. விரலை எடுக்கும்போதுதான் சேரும், ஏனெனில் வைத்த விரல் பக்கத்தை உருட்டவும் வந்திருக்கலாம். கிளிக் நிகழ்வு விரல் எடுக்கும்போதே எழுவதால் அதில் சிக்கல் இல்லை. வேகத்துக்காகப் 'பாய்ண்டர்டவுன்' நிகழ்வில் ஒலியைக் கட்டியவர்களுக்குத்தான் கைபேசியில் முதல் தட்டல் ஊமையாகும். சுட்டியை மேலே கொண்டுபோவது எந்தக் கணக்கிலும் சேராது. கைபேசியில் அப்படி ஒரு செயலே கிடையாது. சுட்டி உரசும்போதெல்லாம் ஒலிக்கும் பொத்தான் வரிசை எரிச்சலூட்டுவது என்பதால் இதில் இழப்பு ஒன்றுமில்லை.

இரண்டாம் வழி

ஒரே பொத்தானைப் படபடவென்று தட்டும்போதோ, காரியம் முடிந்த பிறகு ஒலிக்க வேண்டியிருக்கும்போதோ முதல் வழி திணறும். அங்கே உலாவியிலேயே உள்ள 'வெப் ஆடியோ' என்ற நிரல் இடைமுகம் உதவும். 2021 ஜூனில் முழுத் தரமாக ஏற்கப்பட்டாலும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உலாவிகளில் இருந்தது.

அதன் அமைப்பு மைக் செட் கட்டுவதைப் போன்றது. 'ஆடியோ கான்டெக்ஸ்ட்' என்பது ஆம்ப்ளிஃபயர் வைத்த மேசை. கோப்பை 'ஃபெட்ச்' மூலம் கொண்டுவந்து 'டீகோட்' செய்தால் கிடைக்கும் 'பஃபர்', பதிந்த நாடா. நாடாவை ஓட்டும் கருவி 'பஃபர் சோர்ஸ்'. நடுவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு 'கெயின்'. சோர்ஸிலிருந்து கெயினுக்கு, கெயினிலிருந்து வெளியேற்றத்துக்கு என்று 'கனெக்ட்' கொடுத்து 'ஸ்டார்ட்' சொன்னால் ஒலி வரும். ஐபோனிலும் கெயின் திருகு வேலை செய்யும்.

ஒரு சோர்ஸ் ஒருமுறைதான் ஓடும் என்பது புதியவர்களைக் குழப்பும் இடம். இரண்டாம் முறை ஸ்டார்ட் சொன்னால் பிழை வரும். ஒவ்வொரு தட்டலுக்கும் புதிதாக ஒரு சோர்ஸ் செய்து, அதே பஃபரைச் சுட்டினால் போதும், செலவு அற்பம். இதனால் முதல் அடி ஓயுமுன் இரண்டாவது அடி விழும், பட்டறையில் கேட்பதைப் போலவே. சோர்ஸின் 'பிளேபேக் ரேட்' மதிப்பை ஒவ்வொரு முறையும் 0.95-க்கும் 1.05-க்கும் இடையே மாற்றிக்கொடுத்தால், ஒரே அடியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் இயந்திரத்தனமும் மறைந்துவிடும். எந்தச் சிற்பியும் இரண்டு அடியை ஒரே மாதிரி அடிப்பதில்லை.

பயனர் பக்கத்தைத் தொடுமுன் உருவாக்கிய கான்டெக்ஸ்ட் உறங்கும் நிலையிலேயே பிறக்கும். முதல் கிளிக்கில் 'ரெஸ்யூம்' சொல்லி எழுப்ப வேண்டும். எழுந்துவிட்டால் பிறகு பக்கம் திறந்திருக்கும்வரை பொதுவாக எப்போது வேண்டுமானாலும் ஒலிக்கலாம். சவுண்ட் பாக்ஸ் முறை இங்கேதான் கைகூடும்: 'அனுப்பு' தட்டியதும் கான்டெக்ஸ்டை எழுப்பிவிட்டு, சர்வரிடமிருந்து 'ஓகே' வந்த பிறகு வெற்றி ஒலியை விடலாம். ஆடியோ பொருளில் இதைச் செய்தால், தட்டலுக்கும் ஒலிக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று சஃபாரி மறுக்கக்கூடும்.

கோப்பே இல்லாமலும் ஒலி செய்யலாம். 'ஆஸிலேட்டர்' ஒன்றை 880 ஹெர்ட்ஸில் வைத்து, 0.08 நொடியில் கெயினைத் தேய்த்து நிறுத்தினால் துல்லியமான சிறு பீப் கிடைக்கும். அடுக்கு வீதத்தில் தேய்க்கும் கட்டளை பூச்சியத்தை ஏற்காது, இலக்காக 0.001 கொடுக்க வேண்டும். தோல்வி ஒலிக்கு அதிர்வெண்ணைப் பாதியாக்கி இரண்டு முறை விட்டால் போதும். கோபமான 'பர்ர்ர்' தேவையில்லை. கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போனவர் குற்றவாளி அல்லர்.

எழுத்துப் பொத்தான்கள்

இதுவரை சொன்னவை சைகை ஒலிகள். ஒலியே பொருளாக இருக்கும் பொத்தான்கள் வேறு சாதி. தட்டினால் உச்சரிப்பு கேட்கும் எழுத்து அட்டவணை அதற்கு நல்ல சான்று. 2001-இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்கும் நிறுவனம், மழலைக் கல்விப் பகுதியில் எழுத்தையும் பாட்டையும் ஒலியோடு தருகிறது.

இங்கே விதிகள் தலைகீழாகும். உளி ஒலி ஒன்றன்மேல் ஒன்று விழலாம். 'க' ஒலிக்கும்போது 'ங' தட்டப்பட்டால் 'க' உடனே நிற்க வேண்டும், இரண்டும் கலந்தால் பிள்ளை எதையும் கற்காது. ஓடும் சோர்ஸை ஒரு மாறியில் பிடித்துவைத்து, அடுத்தது தொடங்குமுன் 'ஸ்டாப்' சொல்ல வேண்டும். ஒலியின் முடிவையும் இறுக வெட்டக் கூடாது. குறிலும் நெடிலும் நீளத்தால்தான் வேறுபடுகின்றன.

247 எழுத்துக்குத் தலா 0.6 நொடி என்றால் ஏறத்தாழ 148 நொடி. நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3-இல் அது 1.2 மெகாபைட்டை ஒட்டி வரும். இணைப்பு மெலிந்த கல்வராயன் மலை உட்கிராமங்களுக்கும் போய்ச் சேர வேண்டிய பக்கம் என்றால், அதை முழுதாக முதலிலேயே இறக்கச் சொல்வது கொடுமை. உயிர் 12 முதலில் வரட்டும். மெய் வரிசை ஒவ்வொன்றும் அந்த வரிசை திறக்கும்போது வரலாம். ஒரு வரிசையின் 12 எழுத்தும் ஒரே கோப்பில் இருந்து, தொடக்க நேரமும் நீளமும் ஸ்டார்ட் கட்டளையிலேயே கொடுக்கப்பட்டால் கோரிக்கைகளின் எண்ணிக்கையும் குறையும். ஒலி இன்னும் இறங்காத பொத்தான் மங்கலாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை தட்டிக்கொண்டே இருக்கும், இறங்கியதும் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும்.

வாயை அடைக்கும் பொத்தான்

ஒலி வைத்த பக்கத்தில் அதை நிறுத்தும் பொத்தானும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். தானாக 3 நொடிக்கு மேல் ஓடும் ஒலியை நிறுத்தவோ தணிக்கவோ வழி தரவேண்டும் என்பது வலை அணுகல்தன்மை நெறிகளின் 1.4.2 விதி. 80 மில்லிநொடி ஒலி அதில் அகப்படாது என்றாலும், பேருந்தில் பிள்ளையைத் தோளில் தூங்கவைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அந்த நயமெல்லாம் தேவையில்லை.

தேர்வை 'லோக்கல் ஸ்டோரேஜ்' பகுதியில் எழுதிவைத்தால் அடுத்த வருகையிலும் அது நிலைக்கும். பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதை 'ஏரியா-பிரெஸ்ட்' பண்பு திரைவாசிப்பானுக்குச் சொல்லும். ஒலியை இயக்கும்போது மாதிரிக்கு ஒருமுறை ஒலித்துக் காட்டலாம். நிறுத்தும்போது ஒலிக்கவே கூடாது. டாக்பேக், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களின் பேச்சை அமுக்காத அளவுக்கு ஒலி குறுகியும் தணிந்தும் இருக்க வேண்டும். காது கேளாதவருக்காக ஒலி சொல்லும் ஒவ்வொரு செய்தியையும் எழுத்தோ நிறமாற்றமோ கூடவே சொல்ல வேண்டும். வாக்கு இயந்திரத்தில் பீப்போடு விளக்கும் சீட்டும் இருப்பதைப் போல.

சோதனையை மேசைக் கணினியோடு முடித்துவிடக் கூடாது. விலை குறைந்த கைபேசியின் ஸ்பீக்கரில் கனத்த ஒலிகள் வெளியே வராது. கணினியில் கம்பீரமாக இருந்த 'தொம்' அங்கே வெறும் மூச்சாகிவிடும். உளியின் கூரிய 'டக்' இதில் பிழைத்துக்கொள்ளும். புளூடூத் இயர்போனில் ஒலி 0.1 நொடிக்கு மேல் பின்தங்கலாம், அதை நிரலால் சரிசெய்ய முடியாது. அங்கே நிறமாற்றம்தான் விரலுக்கு உடனடிப் பதில். ஆண்ட்ராய்டு குரோமில் 'வைப்ரேட்' கட்டளை மூலம் 15 மில்லிநொடி அதிர்வும் சேர்க்கலாம். ஐபோன் சஃபாரியில் அது இல்லை. கடைசியாக, பக்கத்தை அறியாத ஒருவர் கையில் பேசியைக் கொடுத்து, தொடர்ந்து ஐம்பது முறை தட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். முப்பதாவது தட்டலுக்குள் அவர் கை ஒலி நிறுத்தும் பொத்தானைத் தேடினால், ஒலியை இன்னும் பாதியாகக் குறைக்க வேண்டும்.